கடினமாக இருந்தால் போதுமா, தேயாதா?

இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் வந்தாலே நம் மெக்கானிக்கல், மெட்டலர்ஜி மக்கள் கையில் ஒரே சமையல் குறிப்புதான். அலுமினியத்தை உருக்கு, சிலிக்கன் கார்பைடு பொடியைக் கொட்டு, கலக்கு, அச்சில் ஊற்று. ஹார்ட்னஸ் எடு. பின்-ஆன்-டிஸ்க் மெஷினில் தேய். "பீங்கான் சதவீதம் கூடியதால் கடினம் கூடியது, ஆகவே தேய்மானம் குறைந்தது" என்று முடிவுரை எழுது. நுண்ணமைப்புப் படம்? அது ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்தை நிரப்ப :-)

என் சண்டையெல்லாம் அந்த "ஆகவே"யோடுதான்.

அது வந்த இடம் ஆர்ச்சர்டு 1953-ல் வெளியிட்ட சமன்பாடு. தேய்ந்துபோகும் கன அளவு, சுமைக்கும் உரசிய தூரத்துக்கும் நேர்விகிதம், கடினத்துக்கு எதிர்விகிதம். பரீட்சைக்கு இது போதும். ஆனால் முன்னால் ஒரு K நிற்கிறதே, அது சூழ்நிலையைப் பொறுத்துப் பத்து மடங்கு, நூறு மடங்கு, அதற்கு மேலும் மாறும். நுண்ணமைப்பு ஒளிந்திருப்பது அந்த K-க்குள்தான்.

லேத் பட்டறைகளில் "விடியா" என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் உலோகத்தால் பிணைத்த பொருள். பல்பு இழை இழுக்கும் வைர அச்சுக்கு மாற்றுத் தேடி, 1923-ல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் ஷ்ரோட்டர் காப்புரிமை பெற்றது. "வைரம் போல" என்ற ஜெர்மன் சொற்களைச் சுருக்கி க்ரூப் நிறுவனம் வைத்த பெயர்தான் விடியா.

கோபால்ட்டைக் குறைத்து, மணிகளைப் பொடிசாக்கினால் கடினம் ஏறும். அப்படியானால் போர்வெல் பிட்டில் இருக்கும் கார்பைடு பொத்தான்களுக்கும் மிகக் கடினமான ரகத்தைப் போடலாமே? போட்டால் கருங்கல்லில் இடி வாங்கியே விண்டுபோகும். அதனால் அங்கே மணி கொஞ்சம் பெரிதாக, கோபால்ட் கொஞ்சம் கூடுதலாக, கடினம் கொஞ்சம் குறைவாக உள்ள ரகம் போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் பாறையைத் துளைப்பது இந்தச் சமரசத்தை நம்பித்தான்.

தேயும் விதத்தையும் பாருங்கள். பல நேரங்களில் முதலில் போவது கடினமான மணி அல்ல. இடுக்கில் இருக்கும் மெதுவான கோபால்ட் பிதுங்கி வெளியேறும். பிடிமானம் இழந்த மணி விரிசல் விட்டுக் கழன்றுவிடும். சாந்து போனால் செங்கல் நிற்குமா?

இப்போது நம் அலுமினியத்துக்கு வருவோம். உருகிய அலுமினியம் சிலிக்கன் கார்பைடோடு எளிதில் ஒட்டாது. பொடி கட்டி கட்டியாகச் சேரும், இடையில் காற்றுக்குமிழிகள் மாட்டிக்கொள்ளும். அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் எல்லைப்பரப்பில் அலுமினியம் கார்பைடு உருவாகலாம். அது நொறுங்கும், ஈரம் பட்டால் சிதையும். ஹார்ட்னஸ் ஊசி துகளை மேலிருந்து அமுக்குகிறது. உரசலோ பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. அமுக்கும்போது தாங்கிய துகள், இழுக்கும்போது பெயர்ந்து வரலாம். பெயர்ந்தது சும்மா இருக்காது, உப்புத்தாள் மணல் போல மிச்சத்தையும் அராவும். கடினம் கூடியும் தேய்மானம் கூடுவது இப்படித்தான்.

"எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குக் காசு யார் தருவது?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பொடி கட்டியதையும் குமிழிகளையும் பார்க்க, பாலிஷ் செய்த மாதிரியும் கல்லூரி லேபில் உள்ள சாதாரண மைக்ராஸ்கோப்புமே பெரும்பாலும் போதும். தேய்ந்த தடத்தையும் உதிர்ந்த தூளையும் அதிலேயே பாருங்கள். ஐந்து சதவீதங்களுக்குப் பதில் இரண்டே எடுங்கள். பொடியை முன்கூட்டிச் சூடாக்கியும் ஆக்காமலும், மக்னீசியம் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுங்கள்.

வைவாவில் "ஹார்ட்னஸ் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "எங்கே விட்டது? துகளா, எல்லையா, அலுமினியமா?" என்று கேட்க வேண்டும். பதில் தெரிந்தவனுக்கு, தேய்மானம் கூடிய ரிசல்ட் கூட நல்ல ரிசல்ட்தான். தெரியாதவனுக்குக் கிராஃப் அழகாக இறங்கினாலும் அது வெறும் கோடுதான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?