சிறார்க்குப் புவியீர்ப்பு உணர்த்துமாறு

எறிந்த கல் ஏன் கீழே விழுகின்றதென இளஞ்சிறுவன் வினவின், ‘புவி ஈர்ப்பதனால்’ என விடையிறுத்து அமைதல் நம்மனோர்க்குப் பெருவழக்கு. அவ்விடை பிழையன்று, விளக்கமும் அன்று. குழந்தையின் வியப்பைப் பெற்றுக்கொண்டு ஒரு பெயரை ஈடாகத் தரும் பண்டமாற்றே அது. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டுமென்பது எம் கருத்து.

நூல்கள் பெரும்பாலும் நியூட்டனது ஆப்பிளினின்று தொடங்குகின்றன. காரைக்கால்மேட்டுச் சிறுவன் நாடோறும் காண்பது ஆப்பிள் மரமன்று, வலையே. வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டும் மேற்கயிற்றில் மிதவையும் கட்டுதலை அவன் நன்கறிவான். ‘எல்லாப் பொருளையும் புவி கீழ்நோக்கி இழுக்கின்றது’ என ஆசிரியர் உரைப்பின், ‘மிதவை மட்டும் மேலெழுவது ஏன்?’ என்பான். அரிய வினா! அதனை அதட்டி அடக்குதல் தகாது. மிதவையையும் புவி இழுக்கவே செய்கின்றது. ஆயின் அவ்வளவு இடங்கொள்ளும் நீரை அதனினும் வலிந்து இழுக்கின்றது. ஆதலின் நீர் கீழ்ப்புகுந்து மிதவையை மேலே தள்ளுகின்றது. இதனைக் காட்ட ஒரு வாளி நீரும் ஒரு மரத்துண்டும் போதும்.

கனமான பொருளே விரைந்து விழும் என்பது சிறார் பலர்தம் எண்ணம். ஒரு தாளையும் ஒரு நாணயத்தையும் ஒருங்கே விடுக, தாள் பிந்தும். அத்தாளையே கசக்கி உருண்டையாக்கி மீண்டும் விடுக. ஏறத்தாழ ஒருங்கே விழும். தாளின் கனம் மாறவில்லை. தடுத்தது காற்றே எனச் சிறுவன் தானே உணர்வான். 1971-ஆம் ஆண்டில் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விட, இரண்டும் ஒருங்கே தரையைச் சேர்ந்தன என்னும் செய்தியை அதன்பின் கூறுக.

‘சந்திரன் ஏன் விழவில்லை?’ என்பது அடுத்த வினா. மெல்ல எறிந்த கல் அருகே விழும். வலிந்து எறிந்தது தொலைவில் விழும். சந்திரனும் புவியை நோக்கி ஓயாது விழுந்துகொண்டே பக்கவாட்டில் மிக விரைந்து ஓடுதலின், புவியை அடையாது சுற்றி வருகின்றது. அச்சந்திரன் நம் கடலையும் ஈர்க்கின்றது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிகுதலைச் சிறுவனின் தந்தையார் அறிவார்; அவரையே வினவிவருமாறு பணித்தல் நன்று.

‘இளமையில் மனப்பாடமே போதும், காரணம் பின்னர் விளங்கும்’ என்பாரும் உளர். மனப்பாடம் மறக்கப்படும், ‘வினவுதல் குற்றம்’ என்னும் பாடமோ நெஞ்சில் நின்றுவிடும். இக்கல்வி நம் கரைக்கு அயலானதும் அன்று. 1821-இல் சென்னை வானாய்வு நிலையத்தில் கோல்டிங்காம் என்பார் ஊசலின் நீளத்தை அளந்தது இவ்வீர்ப்பின் அளவை அறிதற்கே. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருத்தலின், கடல்மட்டம் புவியின் கணித வடிவத்தினும் 100 மீட்டருக்குமேல் தாழ்ந்துள்ளது. அதன் காரணத்தை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். அறிஞரே வினவிக்கொண்டிருக்க, ‘அறியேன், சேர்ந்து ஆராய்வோம்’ எனச் சொல்ல ஆசிரியர் நாணுதல் வேண்டா.

எம் தோழருட் பலர் நாளை ஆசிரியராவர். வகுப்பிற் புகுமுன் அவ்வூர்ச் சிறார் எதனை முன்னரே அறிவர் என ஆராய்ந்து, அதனின்று தொடங்குவாராக.