இரண்டு இன்ச்சுக்கு 90 கிலோமீட்டர்!

பி.காம் படிக்கிறவனுக்கு டயர்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. இதுவும் ஒரு வகையில காஸ்ட் அக்கவுண்டிங்தான் :-)

ஹூண்டாய் அயோனிக் 6ன்னு ஒரு எலெக்ட்ரிக் கார். அமெரிக்காவுல வித்த 2023 மாடலை எடுத்துக்குவோம். லாங் ரேஞ்ச் பேட்டரி, ரியர் வீல் டிரைவ். 18 இன்ச் வீல் போட்ட எஸ்இ ரகம் ஒரு முழு சார்ஜுக்கு 361 மைல் ஓடும்னு அந்த நாட்டு அரசாங்கக் கணக்கு. அதே 77.4 யூனிட் பேட்டரி, அதே மோட்டார், ஆனா 20 இன்ச் வீலோட வர்ற எஸ்இஎல், லிமிடெட் ரகங்களுக்கு 305 மைல்தான். 56 மைல் அவுட். நம்ம கணக்குல 90 கிலோமீட்டர்!

மேல் ரகங்கள்ல சாமான் கூட, எடையும் கொஞ்சம் கூட. அதனால முழுப் பழியையும் வீல் தலையில கட்ட முடியாது. ஆனா ஐரோப்பாவுல வேற முறையில அளந்தப்பவும் 18 இன்ச்சுக்கு 614 கி.மீ., 20 இன்ச்சுக்கு 545 கி.மீ.ன்னுதான் வந்துச்சு. முதல் குற்றவாளி சக்கரம்தான்.

டயர் அகலம் 225 மி.மீ.ல இருந்து 245 ஆகுது. ஓடும்போது காத்தைக் கிழிக்கிற பரப்பு கூடுது. வீலோட கம்பிகளும் காத்தைக் கடையுது. இது போக, ஒவ்வொரு சுத்துலயும் ரப்பர் நசுங்கி நிமிரும்போது கொஞ்சம் சக்தி சூடாப் போயிடும். பெட்ரோல் காருக்கும் இதெல்லாம் உண்டு. ஆனா அங்க இன்ஜினே பாதிக்கு மேல சூடா வீணாக்குது. ஊதாரி வீட்டுல காபிச் செலவு கண்ணுல படாது, சிக்கனக்காரன் வீட்டுல படும். எலெக்ட்ரிக் கார் சிக்கனக்காரன்.

இப்ப என் பாடத்துக்கு வர்றேன். 361ல 56 போனா பதினஞ்சரை சதவீதம். 77.4 யூனிட்ல கிட்டத்தட்ட 12 யூனிட். 2024ல ப்ளூம்பெர்க் என்இஎஃப் சொன்ன சராசரி பேட்டரி விலை யூனிட்டுக்கு 115 டாலர். ஆக 1,380 டாலர் பேட்டரியை காசு குடுத்து வாங்கி, அழகான வீலுக்கு தட்சிணையா வெக்கறோம். டயர் தேஞ்சு மாத்தும்போது பெரிய சைஸுக்கு தனியா அழணும்.

பெரிய வீல் வேணும்னு ஆசைப்பட்டு வாங்கறவங்க தாராளமா வாங்கட்டும். வளைவுல வேகமா போறவங்களுக்கு அகல டயர் பிடிப்பு தரும், அது நியாயமான காரணம். என் கோவமே வேற. காத்து வர்ற சீட் வேணும்னா அந்த 2023 காருல லிமிடெட் எடுக்கணும், லிமிடெட்னா 20 இன்ச்தான். சீட்டுக்கும் சக்கரத்துக்கும் என்னங்க சம்பந்தம்? விளம்பரத்துல மட்டும் "361 மைல் வரை". அந்த "வரை"க்குள்ள ஒளிஞ்சிருக்கு 90 கிலோமீட்டர். எல்லா ரகத்துக்கும் சின்ன வீலையும் குடுத்து, ரெண்டு தூரத்தையும் விலைக்குப் பக்கத்துலயே அச்சடிச்சா என்ன குறைஞ்சு போகும்?

ஏற்கனவே கார் வெச்சிருக்கவங்களுக்கு டயர் மாத்தறப்பதான் அடுத்த வாய்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 மே மாசத்துல இருந்து டயர் லேபிள்ல ஏ முதல் ஈ வரை தரம் போடறாங்க. சிக்கனத்துக்கு ஒண்ணு, ஈர ரோட்டுப் பிடிப்புக்கு இன்னொண்ணு. ரெண்டையும் பாருங்க. சிக்கனத்துல ஏ வாங்கி, ஈரத்துல டி வாங்கின டயரை சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்.