நோயின் மீது மட்டும் பழி சுமத்தலாமா?

ஸ்டீராய்டு உட்கொள்வோரின் இதயத் துடிப்பு சீர்குலைந்தால் அதற்கு அடிப்படை நோயே காரணம், மருந்து அன்று என்னும் வாதம் சான்றுகளின் முன் நிலைக்கவில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து விரைவாக அதிரும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' நிலையை நாள்பட்ட நுரையீரல் நோயும் தூண்டக்கூடும் என்பது மெய்யே. ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்விலிருந்து 2006-இல் வெளியான முடிவுகள், நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோனுக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இந்நிலைக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்ததையும், ஆஸ்துமா நோயாளிகளோடு மூட்டுவாதம், ஒவ்வாமை, இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றுக்காக மருந்து பெற்றவர்களிடமும் அத்தொடர்பு நீடித்ததையும் காட்டின. இத்தனை வேறுபட்ட நோய்கள் அனைத்திலும் பொதுவாக இருந்தது மருந்தே. டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஆய்வும் புதிதாக மருந்தைத் தொடங்கியவர்களிடம் இத்தொடர்பு மிகவும் வலுவாக இருந்ததைக் கண்டது.

இவை கண்காணிப்பு ஆய்வுகளே என்பதால் காரணகாரியத்தை ஐயமற நிறுவுவதில்லை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் ஸ்டீராய்டு உடலில் சோடியத்தைத் தேக்கி, துடிப்பின் மின்னோட்டத்தைக் காக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால், அத்தொடர்புக்கு உடலியல் விளக்கமும் இருக்கிறது. ஆனால் இதற்காக மருந்தைத் திடீரென நிறுத்துவது தீர்வாகாது. அவ்வாறு செய்தால், நெடுநாள் பயன்பாட்டால் ஒடுங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடலுக்குத் தேவையான கார்ட்டிசாலைத் தர இயலாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். பலனளிக்கும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்து, உயர் அளவு தேவைப்படும் முதியோரிடமும் இதய நோயாளிகளிடமும் பொட்டாசியத்தையும் துடிப்பையும் கண்காணிப்பதே மருத்துவரின் கடமை; நோயின் மீது பழி சுமத்தி அக்கடமையிலிருந்து விலக எவருக்கும் உரிமை இல்லை.