கருவியின் கையில் தீர்ப்பா?

டீப்ஃபேக் வீடியோக்களை, அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி வீடியோக்களை, கண்டுபிடிக்கும் மென்பொருள் 99 சதவீதம் துல்லியமானதாம். அது சொல்வதையே காவல்துறையும் நீதிமன்றமும் இறுதி முடிவாக ஏற்க வேண்டும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். எந்த வீடியோக்களை வைத்துச் சோதித்தபோது கிடைத்த 99 இது? கட்டுரை முழுக்கத் தேடினாலும் பதில் இல்லை. பிறர் மானமும் சிறைவாசமும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல.

ஃபேஸ்புக் 2019இல் அறிவித்து 2020இல் முடிவு வெளியிட்ட டீப்ஃபேக் கண்டறியும் போட்டியைப் பற்றி அவர் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள். 2,000க்கும் மேற்பட்ட போட்டியாளர்கள். பொதுவில் தந்த தொகுப்பில் எட்டிய உச்சம் 82.56 சதவீதம். முன்பின் பார்த்திராத வீடியோக்களைக் கொடுத்ததும், வென்ற நிரலாலேயே 65.18 சதவீதத்தைத்தான் எட்ட முடிந்தது. காசைச் சுண்டிப்போட்டாலே பாதி சரியாக வருமே!

சரி, 99 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வீடியோக்களில் 100 மட்டும் போலி. கருவி அவற்றில் 99ஐப் பிடித்துவிடும். மீதமுள்ள 99,900 உண்மை வீடியோக்களில் 999ஐயும் போலி என்று முத்திரை குத்தும். அது குற்றம்சாட்டும் 11 வீடியோக்களில் 10 உண்மையானவை! தனக்கு நேர்ந்த வன்முறையைக் கைபேசியில் பதிவுசெய்துகொண்டு வரும் பெண்ணிடம், "உன் ஆதாரம் போலி, கருவி சொல்லிவிட்டது" என்று கதவைச் சாத்துவதா நியாயம்?

இந்தக் கருவிகள், பயிற்சியில் பார்த்த ஒட்டுவேலையின் தடயங்களைத்தான் தேடுகின்றன. 2018இல் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் சிவெய் லியூவின் குழு, போலி முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று கண்டறிந்தது. போலி முகங்களை உருவாக்கும் நிரல்களின் பயிற்சித் தரவில் கண் மூடிய படங்கள் அரிதாக இருந்ததே காரணம். சிறிது காலத்திலேயே போலி முகங்களும் சிமிட்டத் தொடங்கின. அந்த ஆய்வு வீண் என்று சொல்ல வரவில்லை. அது அருமையான ஆய்வு. ஆனால் எந்தத் தடயமும் நிலையானதல்ல என்பதையும் அதுவே காட்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிச் சுருங்கிய வீடியோவில் நுண்ணிய தடயங்கள் அழிந்துபோகும். உண்மையான வீடியோவிலும் புதுச் சிதைவுகள் ஏறிக்கொள்ளும்.

சந்தேகத்தைக் கிளப்புவதோடு கருவியின் வேலை முடிந்தது. மூலக் கோப்பு எங்கே, எந்தக் கைபேசியில் எடுத்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று விசாரிக்க வேண்டியது காவல்துறை. குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டியவர் தடயவியல் நிபுணர். இவர்களை ஒதுக்கிவிட்டுத் திரையில் தெரியும் ஓர் எண்ணிடம் நீதியை ஒப்படைக்கச் சொல்லும் யோசனையைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.