மலையின் தண்ணீரும் மலையின் பங்கும்

ஊட்டியிலிருந்து கூடலூருக்குப் போகும் பாதையில், பைகாராவைக் கடந்து, நீலகிரிப் பீடபூமி முடிந்து மலை சரியத் தொடங்கும் விளிம்பில் அமைந்திருக்கும் நடுவட்டம் ஒரு சிறிய பேரூராட்சி. தேயிலையும் மழையும் மூடுபனியும் தவிர, வழிப்போக்கர் கண்ணில் அங்கே வேறொன்றும் படுவதில்லை. ஆயினும், இயற்கைச் செல்வத்தின் வருமானத்தில் எங்களுக்குரிய பங்கை மத்திய சர்க்கார் தரவில்லை என்று ராஜ்ய சர்க்கார்கள் முறையிடும் இக்காலத்தில், அந்த முறையீட்டின் நியாயம் தலைநகரங்களைத் தாண்டி எவ்வளவு தூரம் கீழே இறங்கி வருகிறது என்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தகுந்த ஊர் கிடைப்பது அரிது.

இந்த ஊர் கொடுக்கத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1860-களில் சர்க்கார் இங்கே சின்கோனா மரங்களைப் பயிரிட்டபோது, காட்டைத் திருத்தும் வேலைக்குச் சீனக் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அடைபட்டிருந்த சிறை இன்றும் ஊரில் நிற்கிறது. மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினா மருந்து தேசத்தின் மலைக்காய்ச்சலைத் தணித்தது. வருமானம் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. அன்று இருந்தது அந்நிய ஆட்சி. பங்கு தருவதாக அது வாக்களிக்கவும் இல்லை, மக்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

பட்டைக்குப் பிறகு தண்ணீரின் முறை வந்தது. முக்குருத்திச் சிகரத்தருகே பிறந்து பீடபூமியின் புல்வெளிகளையும் சோலைகளையும் நனைத்து வரும் பைகாரா நதியை மின்சாரமாக்கலாம் என்ற எண்ணத்துக்குச் சென்னை நிர்வாக சபையில் சர் சி. பி. ராமசுவாமி ஐயர் ஆதரவு தேடித் தந்தார். 1932-இல் மின்சாரம் பிறந்தது. கிளன்மார்கனில் மலைவிளிம்பில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு இன்றும் பிரத்தியட்சமாகத் தெரியும்: விளிம்பின் நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பும் பெரும் இரும்புக் குழாய்கள், பக்கத்திலேயே விஞ்ச் வண்டியின் தண்டவாளம் செங்குத்தாக இறங்க, மூவாயிரம் அடிக்குக் கீழே சிங்காரா மின்நிலையத்தில் போய் முடிகின்றன. அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதால்தான் முப்பதுகளில் கோயமுத்தூரில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பின்னர் 1952-இல் மாயாறு, 1960 முதல் கானடா தேசத்தின் உதவியோடு குந்தா, 2005-இல் 150 மெகாவாட் சக்தி கொண்ட பைகாரா இறுதிநிலைத் திட்டம் என்று மலையின் ஓடைகள் அநேகமாக எல்லாமே விசைக்கு வசப்பட்டன. குந்தாவில் இப்போது 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டமும் உருவாகிவருகிறது. இவற்றால் ராஜ்யம் அடைந்த நன்மையை எந்த நீலகிரிவாசியும் மறுக்கமாட்டான். தன் மண்ணின் தண்ணீர் திருப்பூரில் தறியையும் தஞ்சையில் பம்ப்செட்டையும் ஓட்டுவதில் அவனுக்குப் பெருமையே உண்டு.

திரும்பி வந்தது என்ன என்பதே அவன் கேட்கும் கேள்வி. ராஜ்யத்தின் சொந்த வரி வருவாயில் பத்துச் சதவிகிதம் உள்ளாட்சிகளுக்கு என்பது மாநில நிதி ஆணையத்தின் ஏற்பாடு; மின்சாரம் விற்ற பணமோ வரியன்று, மின்வாரியத்தின் வியாபார வரவு; ஆகவே அணையைச் சுமக்கும் ஊருக்கு, அணை இருப்பதன் பொருட்டுத் தனியாக ஒரு காசும் அந்த வழியில் வருவதில்லை. மலைப் பிரதேசத்தின் விசேஷத் தேவைகளை தேசமே தாங்கும் என்று சொல்லி ஐந்தாவது திட்டகாலத்தில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அளித்துவந்த உதவி, பதினான்காவது நிதிக் குழுவின் சிபாரிசுக்குப் பின் 2015-இல் நின்றது. வரிப் பங்கை 32 சதவிகிதத்திலிருந்து 42 ஆக உயர்த்திவிட்டோம், இனி ராஜ்யங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். இவற்றையெல்லாம்விட மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. ஜன்மம் என்னும் பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை தீர்மானமாகாத நிலங்களில், கூடலூர் வட்டாரத்து மக்கள் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று சொல்லும் அந்த நிலங்களில், வீடு கட்டியிருப்பதனாலேயே மின் இணைப்புக்கு நெடுங்காலம் காத்துக்கிடந்த குடும்பங்கள் பல. சிங்காராவின் விசைச்சக்கரங்கள் சுழலும் அதே மலைச்சாரலில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த குழந்தைகளுக்கு, ஒவ்வொரு தேர்தலிலும் கட்சிபேதமின்றி வாக்குறுதி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

இந்த அநியாயத்தின் மறுபாதியைத் தமிழகம் தானே அனுபவித்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், பஞ்சாயத்து யூனியன்களின் அபிவிருத்திக்காக நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு தலவரி விதித்தது. பின்னர், சுண்ணாம்புக்கல் முதலிய கனிமங்களுக்குச் செலுத்தும் ராயல்டியையும் நிலவரியோடு சேர்த்துக் கணக்கிடத் திருத்தம் வந்தது. சிமெண்ட் கம்பெனி ஒன்று இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ராயல்டியும் ஒருவகை வரியே, அதன்மேல் ராஜ்யம் வரி போடலாகாது என்று 1989 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோண்டிய குழியும் தூசியும் கிராமத்துக்கு, அதன் பேரால் வந்த தலவரி மட்டும் இல்லை என்ற நிலை முப்பத்தைந்து வருஷம் நீடித்தது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தீர்ப்பைத் தவறென்று நீக்கி, கனிம நிலத்தின்மீது வரிவிதிக்கும் அதிகாரம் ராஜ்யத்துக்கு உண்டு என்று ஸ்தாபித்தது. மத்திய சர்க்கார் ஆட்சேபித்தும், 2005 ஏப்ரல் முதலான பழைய பாக்கியையும் பன்னிரண்டு வருஷத் தவணைகளில் பெறலாம் என்று அடுத்த மாதமே கோர்ட்டு சொல்லிற்று. தமிழகமும் தனிச் சட்டம் இயற்றி 2025 ஏப்ரல் முதல் வரி வசூலிக்கிறது. மகிழ வேண்டியதுதான், ஆனால், பஞ்சாயத்தின் பெயரால் தொடங்கிய வழக்கின் பலன், ராஜ்யத்தின் வரியாக வந்து நிற்கும்போது, அதில் பஞ்சாயத்தின் பங்கு இவ்வளவு என்று சட்டத்தால் நிர்ணயிப்பதுதானே தர்மம்?

பங்கு கேட்ட பிற பிரதேசங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், வாய்வார்த்தையை நம்புவது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும். பக்ரா அணைக்காகப் பிலாஸ்பூர்ப் பட்டணத்தையே நீரில் மூழ்கவிட்ட ஹிமாசலப் பிரதேசம், பஞ்சாப் பிரிக்கப்பட்ட 1966 முதல் தனக்குரிய 7.19 சதவிகித மின்பங்குக்கு அலைந்து, 2011-இல்தான் சுப்ரீம் கோர்ட்டில் அதைப் பெற்றது. இடைக்காலத்துப் பாக்கிக்கான போராட்டம் அதன்பின்னும் வருஷக்கணக்கில் நீண்டது. நம் தமிழர் வாழும் மலேசியாவில், சபா, சரவாக் ராஜ்யங்களுக்கு எண்ணெய் ராயல்டியை ஐந்திலிருந்து இருபது சதவிகிதமாக உயர்த்துவதாக 2018 தேர்தல் அறிக்கையில் வாக்களித்த கூட்டணி, ஆட்சியைப் பிடித்த சில மாதங்களிலேயே, இருபது என்றது மொத்த உற்பத்தியிலா, லாபத்திலா என்று வாதம் பேசத் தொடங்கியது. கொடுப்பவன் பெரியவனாகவும் கேட்பவன் சிறியவனாகவும் இருக்குமிடத்தில், சட்டத்தில் எழுதப்படாத வாக்குறுதி இப்படித்தான் தேய்ந்து மறைகிறது.

மின்வாரியமே நஷ்டத்தில் தத்தளிக்கையில் எதைப் பங்கிடுவது என்று சிலர் கேட்பார்கள். நஷ்டம் விநியோகத்திலும் கொள்முதலிலும் கடன்வட்டியிலும் விளைவது. அதற்கு மலையைப் பொறுப்பாக்குவது நியாயமன்று. சுரங்கக்காரன் லாபம் கண்டாலும் காணாவிட்டாலும் தோண்டிய கனிமத்துக்கு ராயல்டி கட்டுவதுபோல, உற்பத்தியான யூனிட்டின்மீதே பங்கு கணக்கிடப்பட வேண்டும். மத்திய நிறுவனங்கள் கட்டும் நீர்மின் திட்டங்களில் பன்னிரண்டு சதவிகித மின்சாரம் அந்தந்த ராஜ்யத்துக்கு இலவசம் என்பது நடைமுறை; திட்டம் அமையும் வட்டாரத்தின் அபிவிருத்திக்கு மேலும் ஒரு சதவிகிதம் என்று 2008-ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை கூறுகிறது. ராஜ்யமே கட்டிய பழைய அணைகளுக்கு இது பொருந்தாது என்பது சட்டவாதம். மலைக்கு ஒரு நீதி என்றால் அது யார் கட்டிய அணைக்கும் ஒன்றே.

இயற்கைச் செல்வம் எல்லாருக்கும் பொது, ஜில்லாவுக்கு ஜில்லா பங்கு கேட்கலாமா என்பது இன்னொரு ஆட்சேபம். பொது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தப் பொதுச்செல்வத்தைக் காக்கும் செலவு பொதுவாக இல்லையே! சோலையும் புல்வெளியும் நிலைத்தால்தான் கோடையிலும் ஆற்றில் நீர் ஓடும். அதற்காகவே மலையில் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு, நிலத்தின் உபயோகத்துக்குக் கட்டுப்பாடு. அவற்றை ஏற்று வாழும் மக்கள்தாம், 2009 நவம்பர் மண்சரிவில் உயிர்களைப் பறிகொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் பாதையும் பயிரும் இழந்து நின்றார்கள்.

மாநில சுயாட்சியை ஆராய ராஜமன்னார் குழுவை 1969-இல் நியமித்ததும், 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்ததும் தமிழகமே. டில்லியின் முன் நாம் வைக்கும் ஒவ்வொரு வாதத்தையும் நம் முன் வைக்க நீலகிரிக்குப் பாத்தியதை உண்டு. ஆகவே, நீலகிரி மின்நிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் மதிப்பில் குறைந்தது ஒரு சதவிகிதத்தை மலையின் உள்ளாட்சிகளுக்குரியதாக்கி, அமைச்சரவை மாறினாலும் மாறாதபடி சட்டசபையில் சட்டம் இயற்ற வேண்டும். எந்த நிலையத்தில் எத்தனை யூனிட், எந்த ஊருக்கு எவ்வளவு ரூபாய் என்ற கணக்கை வருஷந்தோறும் அந்தந்தப் பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அந்தப் பணத்தில் முதல் செலவு மண்சரிவுத் தடுப்புக்கும் குடிநீருக்கும், இன்னும் இருட்டிலிருக்கும் வீடுகளின் மின் இணைப்புக்கும் ஆக வேண்டும். இதைச் செய்து முடித்த சர்க்கார் டில்லியில் போய்த் தன் பங்கைக் கேட்கும்போது, அதன் குரலுக்கு மறுக்கமுடியாத தார்மிக பலம் இருக்கும்.