காத்திருந்த நாய்

‘ஃப்யூச்சுராமா’ என்ற அமெரிக்கச் சித்திரத் தொடரை டிஸ்குகளில் முதலிலிருந்து மறுபடியும் பார்த்து முடித்தேன். பொம்மைப் படத்துக்கு இத்தனை விசாரமா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அதன் கதாசிரியர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

மாட் க்ரோனிங் உருவாக்கிய இத்தொடர் 1999-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் ஃப்ரை என்ற அசட்டுப் பிள்ளை, 1999 டிசம்பர் 31 இரவு உறைபெட்டிக்குள் விழுந்து, ஆயிரம் வருஷம் கழித்துக் கண்விழிக்கிறான். அங்கே குடிகார இயந்திர மனிதன், ஒற்றைக்கண் கப்பல் தலைவி, மறதிக்காரக் கிழ விஞ்ஞானி! ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் நீண்டுபோனால் இதற்கு இடமில்லை. 2003-ல் 72 அத்தியாயங்களோடு நின்றது. டிஸ்க் வாங்கியவர்களும், வேறொரு சானலில் மறு ஒளிபரப்புப் பார்த்தவர்களுந்தான் இதற்கு உயிர்ப் பிச்சை கொடுத்தார்கள். 2007 முதல் 2009 வரை நாலு படங்கள் நேரே டிஸ்குகளாக வெளிவந்தன.

வினையும் அதிலேதான் வந்தது.

2002-ல் வந்த ஓர் அத்தியாயம், டிஸ்கில் நாலாவது பெட்டியில் இருக்கிறது. ஃப்ரையின் பழைய நாய் ஸீமோர் கல்லாகிப் போய்க் கிடைக்கிறது. விஞ்ஞானி அதற்கு உயிர் கொடுக்கப் புறப்படுகிறார். தான் மறைந்த பிறகும் நாய் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தது என்று ஃப்ரைக்குத் தெரிகிறது. ‘என்னை மறந்து நன்றாகத்தானே வாழ்ந்திருக்கும், அதை ஏன் எழுப்ப வேண்டும்?’ என்று விட்டுவிடுகிறான். உண்மை நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் நாய் பீட்ஸாக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அன்பினால் அவன் செய்த தவறு அது; அவனுக்கு அது தெரியப்போவதே இல்லை. முதல்தரமான சிறுகதை எழுதுகிறவனும் பொறாமைப்பட வேண்டிய முடிவு.

2007-ல் வந்த முதல் படம் என்ன செய்தது? காலப் பயணத்தால் இரட்டித்த இன்னொரு ஃப்ரை அந்தக் கடை மாடியிலேயே குடியிருந்து, நாயைச் சீராட்டி வளர்த்தானாம்! அதாவது, ஃப்ரையின் தப்புக் கணக்கே சரியான கணக்காகிவிட்டது. நாய்க்கு எஜமானன் கிடைத்தான். நமக்குக் கதை போயிற்று.

“ஹாஸ்யத் தொடர்தானே, மனசு லேசானால் நஷ்டம் என்ன?” என்பார்கள். தொடர்கதையில் யாராவது இறந்துவிட்டால் எனக்கும் இப்படிக் கடிதங்கள் வருவதுண்டு. “அவளைப் பிழைக்க வையுங்கள், ஐயா!” கேட்பது வாசகர் உரிமை. இணங்குவது எழுத்தாளனின் கோழைத்தனம். அழுதவரைத் தேற்றுவதற்காக, அவர் அழுத காரணமே பொய் என்று சொல்வது என்ன மரியாதை? டிஸ்கில் இரண்டாந்தரம் பார்க்கிறவன்தான் இதில் ஏமாறுகிறவன். அந்த நாயைப் பார்க்கும்போதே, மாடியில் ஆள் இருக்கிறான் என்று நினைவு வந்து தொலைக்கிறது.

விருப்பமுள்ளவர்கள் நாலாவது பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த அத்தியாயத்தின் கடைசியில் வசனம் கிடையாது. கானி ஃப்ரான்ஸிஸின் பாட்டு மட்டும். பருவங்கள் மாறுகின்றன, நாய் கிழடாகிறது, படுத்துக் கண்ணை மூடுகிறது.