கதிர் வந்த பிறகு கிட்டி வைத்து என்ன பயன்?

கம்பம் பள்ளத்தாக்கில் எலியைப் பற்றிய பேச்சு, நெல் பொதிப் பருவத்தைத் தாண்டிய பிறகுதான் எழுகிறது. வயல் நடுவே தூர்கள் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதற்குள் எலி பெருகி முடித்திருக்கும்.

நெல் வயலில் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலி. வளை வாயில் மண்ணைக் குவித்து, உள்ளிருந்து அடைத்தும் கொள்ளும். குட்டி போட்ட தாயைத் தவிர, வளைக்கு ஓர் எலிதான் பெரும்பாலும் இருக்கும். சினைக்காலம் மூன்று வாரம் சொச்சம். நெல் பொதி கட்டும்போது இதன் இனப்பெருக்கமும் வேகம் பிடிக்கிறது. தின்பதோடு நிற்காமல் கதிரை நறுக்கி வளைக்குள் சேர்த்தும் வைக்கும். அறுவடை நேரத்தில் பத்து எலியைப் பிடிப்பதைவிட, நடவுக்கு முன் ஒரு பெண் எலியைப் பிடிப்பது மேல் என்பேன்.

முல்லைப் பெரியாறு தண்ணீரில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நடக்கிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முந்தைய கோடையில் வயலில் தீனி இல்லாததால் எலிகள் வாய்க்கால் கரையிலும், அகலமான வரப்பிலும், பக்கத்துத் தோப்பிலும் ஒதுங்கியிருக்கும். எண்ணிக்கை குறைவு, வளையும் கண்ணுக்குத் தெரியும். அந்த மே மாதத்தைத்தான் வீணாக்குகிறோம். வேளாண் துறையின் எலி ஒழிப்பு முகாம்களும் அப்போதே நடக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் தன் வயலில் பிடித்தால் சில நாளில் பக்கத்து வயல் எலி வந்து காலி வளையில் குடியேறும். ஆகவே வாய்க்கால் வாரியாக நாள் குறித்து எல்லோரும் சேர்ந்து வளை வெட்ட வேண்டும். வரப்பையும் அப்போதே செதுக்கிக் குறுக்கிவிடலாம். தஞ்சாவூர் கிட்டி வைக்கும் ஆட்களின் கூலியை ஏக்கர் கணக்கில் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. நடவையும் கூடியவரை ஒன்றாக முடிப்பது நல்லது. ஒருவர் வயலில் கதிர் முற்றும்போது அடுத்தவர் வயலில் பொதி கட்டினால், எலிக்கு விருந்து நீண்டுகொண்டே போகும்.

விஷத்தை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் சிங்க் பாஸ்பைடை எடுத்த எடுப்பில் வைத்தால், கொஞ்சம் கொறித்து வயிறு கெட்ட எலி அந்தப் பக்கம் நெடுநாள் திரும்பாது. இரண்டு மூன்று நாள் வெறும் பொரியை வைத்துப் பழக்கிய பிறகே மருந்து கலந்த தீனியை வைக்க வேண்டும். அந்தப் பொறுமை நம்மில் பலருக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, எலிக்காக வயலில் மின்கம்பி இழுப்பது. அந்தக் கம்பியை மிதித்து ஆள் இறந்த செய்திகளைத் தமிழகத்தில் எத்தனை முறை படித்துவிட்டோம்! சொந்த வயலில் சொந்தப் பிள்ளையே மிதிக்கலாம்.

சாரைப்பாம்பைக் கண்டதும் அடிக்கிறோம், கூகையை அபசகுனம் என்று விரட்டுகிறோம். இரண்டுமே எலி தின்று வாழ்பவை. நட்டதும் வயலில் ஆங்காங்கே கம்பு நட்டு வைத்தால் இரவில் கூகையும் ஆந்தையும் வந்து உட்காரும். கதிரில் பால் பிடித்ததும் அந்தக் கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிகள் அவற்றில் உட்கார ஆரம்பித்துவிடும்.